புது வருஷத்துக்கு இலக்கு எழுதுவது விசுவாசக் குறைவா?

லாரிவீட்டம்மா, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸ் முறுக்கு இன்னும் டின்னில் இருக்கிறது, அதற்குள் எங்கள் சபையில் புது வேலை கொடுத்துவிட்டார்கள். 31ஆம் தேதி புதன்கிழமை இரவு ஆராதனைக்கு வரும்போது ஒவ்வொருவரும் 2026க்கு ஐந்து இலக்குகள் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவர வேண்டும். அடுத்த வருஷக் கடைசியில்தான் உறை திரும்பக் கைக்கு வரும்.

எனக்கு எழுதப் பிடிக்கும். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. பட்டியல் இல்லாமல் பசார் மாலாமுக்குக்கூட (இரவுச் சந்தை) போகமாட்டேன். வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், இதில் எனக்கு நேர் எதிர். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். நீ என்ன, ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறாய்?" என்கிறார். மாமியாரும் அவர் கட்சி. "கர்த்தர் பார்த்துக்கொள்வார். நீ தாளில் எழுதி அவருக்கே ஆர்டர் போடுகிறாயா?" என்று கேட்டார். அது சுட்டது. கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரியும் பட்டது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. புது வருஷ ஆராதனையில் ஆளுக்கு ஒரு வசன அட்டை எடுப்போமே, போன வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை உபாகமம் 28:13. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." அந்தச் சமயம் ஆபீசில் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அட்டையைப் பர்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வேலை எனக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்குப் போனது. அட்டையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை. இந்த வருஷம் அட்டை எடுக்க வரிசையில் நிற்பதா வேண்டாமா என்றே யோசனை.

என் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டு கடன் 6,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்ததில் ஏறியது. அதை இந்த ஒரு வருஷத்திலேயே அடைக்க வேண்டும். சூப்பர்வைசர் வேலையை மறுபடி முயன்று வாங்க வேண்டும். அம்மாவின் சர்க்கரை இறங்க வேண்டும் (பால்மரம் சீவப் போன காலத்திலிருந்து விடியற்காலைத் தேநீரில் சீனியை அள்ளிப் போட்டே பழக்கம்). வேதாகமம் முழுவதையும் ஒரு தடவை படித்து முடிக்க வேண்டும். கடைசியாக, நாத்தனாரோடு உள்ள சண்டை தீர வேண்டும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சண்டைதான், மறைக்க ஒன்றுமில்லை.

என் கேள்வி இதுதான். இதெல்லாம் கிறிஸ்தவ இலக்கா, இல்லை ஆபீஸ் இலக்குக்கு மேல் வசனத்தை ஒட்டினதா? உங்கள் வீடுகளில் எப்படி எழுதுகிறீர்கள்?


ஜெபவீரன், கிள்ளான்:

சகோதரி, பயப்படாதீர்கள். எழுதச் சொன்னவரே கர்த்தர்தான். ஆபகூக் 2:2இல், தரிசனத்தை எழுது, அதைப் பலகைகளிலே தீர்க்கமாக வரை என்கிறார். ஆனால் சின்னதாக எழுதாதீர்கள்! 6,000 கடன் என்று எழுதுவதற்குப் பதில் சொந்த வீடு, சொந்த லாரி என்று எழுதுங்கள். நம் தேவன் பெரியவர். போன வருஷ வசனம் செத்துப்போகவில்லை, தாமதம் மட்டும்தான். தினமும் வாயால் அறிக்கை செய்துகொண்டே இருங்கள், இந்த வருஷம் தலைதான், வால் இல்லை. ஆமென்.


ஓய்வுகிராணி, சுங்கை சிப்புட்:

ஜெபவீரன் தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. ஆபகூக் 2:2ஐப் புத்தாண்டுக் கூட்டங்களில் நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்க்கதரிசியை எழுதச் சொன்ன தரிசனம் எது என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. கல்தேயர் (பாபிலோன்காரர்) படையெடுத்து வருவார்கள், அவர்களுக்கும் ஒருநாள் நியாயத்தீர்ப்பு உண்டு, தாமதித்தாலும் காத்திரு என்பதுதான் சங்கதி. சொந்த லாரி அதில் இல்லை. அந்தப் புத்தகம் எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்", திராட்சச்செடியில் பழம் இல்லாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடி முடிக்கிறார் (3:17, 18). 2:2ஐ உறையில் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர். நானும் தோட்டத்து ஆள்தான் அம்மா, அவர் லாரியை எடைப்பாலத்தில் பார்த்தும் இருப்பேன். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலா அவர் காலையில் வண்டியை எடுக்கிறார்? "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்றவர்தான், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்றும் கேட்டார் (லூக்கா 14:28). அவர் வேண்டாமென்றது கவலையை, கணக்கை அல்ல. யாக்கோபு 4:13இல் சில வியாபாரிகள் வருகிறார்கள். இன்ன பட்டணத்துக்குப் போவோம், "அங்கே ஒரு வருஷம் தங்கி" வியாபாரம் செய்வோம், சம்பாதிப்போம் என்கிறார்கள். சரியாக ஒரு வருஷத் திட்டம், உங்கள் உறையைப் போல. யாக்கோபு அவர்களைப் போகாதே என்று தடுக்கவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்று சேர்த்துச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். நெகேமியாவையும் நினைத்துப் பாருங்கள். எருசலேம் மதில் இடிந்த சேதியைக் கேட்டுக் கிஸ்லேயு மாதத்தில் அழுது உபவாசித்தவர், நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறந்தார். நாலு மாத ஜெபம். ராஜா "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டபோது அவர் கையில் பதில் இருந்தது. எந்த அதிகாரிக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் வாங்க வேண்டும் என்பதுகூடத் தயார். ஜெபம் பண்ணின மனுஷனே பட்டியலும் போட்டிருந்தார்.

ஆனால் மாமியார் கேட்டாரே, அவருக்கே ஆர்டர் போடுகிறாயா என்று, அதுதான் சரியான கேள்வி. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் பட்டியலில் பாதி ஆர்டர்தான். அம்மாவின் சர்க்கரை இறங்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், நாத்தனார் மனசு மாற வேண்டும். இதில் எதுவும் உங்கள் கையில் இல்லை.

நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். உரம் போடும் மாதத்தில் எந்த ப்ளாக்குக்கு எத்தனை மூட்டை போனது, யார் போட்டார்கள் என்று எழுதி வைப்பது என் பொறுப்பு. சாயங்காலம் காலி மூட்டைகளை எண்ணித்தான் வாங்குவேன். எண்ணாவிட்டால் நாலு மூட்டை உரம் அப்படியே ஓடையில் படுத்துவிடும், ஆட்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். குலை எத்தனை டன் என்பது வேறு கணக்கு, அது மில்லிலிருந்து வரும். செம்பனையில் ஒரு விஷயம் உண்டு. ஒரு பூ ஆண்பூவா பெண்பூவா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய 2 வருஷத்துக்கு முன்னாலேயே மரத்துக்குள் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் வறட்சி அடித்தால் ஆண்பூ கூடிப்போகும், பிற்பாடு குலை குறையும். இந்த டிசம்பரில் உங்கள் வீட்டுக்காரர் ஏற்றுகிற குலைக்குப் பின்னால் 2023இன் மழையும் உரமும் இருக்கிறது. துரை (தோட்ட மேலாளர்) மாதா மாதம் டன் கேட்பார், கேட்பது அவர் வேலை. நாங்கள் அவருக்குக் காட்ட முடிந்தது உரக் கணக்குப் புத்தகத்தைத்தான். அது சுத்தமாக இருந்தால் டன் குறைந்த மாதத்திலும் தலை நிமிர்ந்து நிற்கலாம். அது சுத்தமாக இல்லாவிட்டால் டன் கூடின மாதத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

லூக்கா 13இல் அத்திமர உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டக்காரன்தான் கண்ணில் படுவான். எஜமான் 3 வருஷமாகக் கனி தேடி வந்து, வெட்டிப்போடு என்கிறார். இவன் என்ன சொல்கிறான்? "இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்." அடுத்த வருஷம் இத்தனை கூடை பழம் தருகிறேன் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை. கொத்துவேன், எருப்போடுவேன், கனி கொடுத்தால் சரி. மரம் காய்த்ததா இல்லையா என்று இயேசுவும் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த உவமை மனந்திரும்புதலைப் பற்றியது, விளைச்சலைப் பற்றியது அல்ல. அது எனக்கும் தெரியும், போதகர் யாராவது திருத்த வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் ஒரு வருஷத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

ஆகவே தாளில் கொத்துவதையும் எருப்போடுவதையும் எழுதுங்கள். கனியை ஜெபத்தில் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், ஆனால் தாளில் எழுதாதீர்கள். "அம்மாவின் சர்க்கரை இறங்க வேண்டும்" என்பதை அடித்துவிட்டு, அரசாங்கக் கிளினிக் தேதி ஒன்றையும் தவறவிடாமல் அம்மாவோடு கூடப் போவேன், வீட்டில் சீனி டப்பாவை நான்தான் நிரப்புவேன் என்று எழுதுங்கள். சூப்பர்வைசர் வேலைக்கு, மேலாளரிடம் போய், போன தடவை என்னிடம் என்ன குறைந்தது என்று நேராகக் கேட்பேன், அதில் ஒன்றைக் கற்றுக்கொள்வேன் என்று எழுதலாம். அது ஒன்றும் விசுவாசக் குறைவு இல்லை. நாத்தனார் விஷயத்தில் பவுலே எழுதிக் கொடுத்திருக்கிறார். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18). எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறார் பாருங்கள். சண்டை தீரும் என்று அவர்கூட உத்தரவாதம் கொடுக்கவில்லை. உங்களால் ஆகக்கூடியது எது? யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வரவில்லை என்ற பேச்சை இனி நான் எடுக்கமாட்டேன் என்பதா? சீனப் பெருநாள் லீவில் நானே போய் அழைப்பேன் என்பதா? அது உங்களுக்குத்தான் தெரியும்.

அட்டை விஷயம். வரிசையில் நில்லுங்கள், எடுங்கள். அது வருஷத்துக்கு ஜோசியம் இல்லை என்று மட்டும் தெரிந்து எடுங்கள். உபாகமம் 28 மோவாப் சமவெளியில் ஒரு ஜனம் முழுவதுக்கும் சொன்னது, அதுவும் கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடு. ஈப்போ தொழிற்சாலையில் ஒரு நாற்காலியைப் பற்றி அல்ல. (அந்த அதிகாரத்திலேயே உங்களுக்கு இன்னும் பொருத்தமான வரி ஒரு வசனம் முன்னால் இருக்கிறது, "நீயோ கடன் வாங்காதிருப்பாய்".) ஜெர்மனியில் ஹெர்ன்ஹுட் என்ற ஊரில் மொரேவியன் சபையார் 1731 முதல் வசனங்களைச் சீட்டுப்போட்டு எடுத்துப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். அதில் நாளுக்கு ஒரு வசனம், சபை முழுவதுக்கும் அதே வசனம். இன்று ஆறுதல் வந்தால் நாளைக்குக் கண்டிப்பு வரும். ஆளுக்கு ஒன்று, அதுவும் நல்லதாகப் பொறுக்கின ஒன்று என்பது நாம் செய்துகொண்ட வசதி.

நீங்கள் எந்தச் சபை என்று சொல்லவில்லை. நாங்கள் மெதடிஸ்ட். எங்கள் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்தினார். இப்போது பல சபைகளில் அதைப் புது வருஷத் தொடக்கத்தில் வைக்கிறார்கள். அந்த ஜெபத்தை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். எனக்கு அதைத் தா, இதைத் தா என்று ஒரு வரி கிடையாது. நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்குச் சொந்தம், உமக்கு விருப்பமான இடத்தில் என்னை வையும், உமக்காக என்னை வேலைக்கு எடும் அல்லது உமக்காக ஓரமாக வையும் என்று போகும். ஓரமாக வையும் என்கிற இடத்தில் சபையில் சத்தம் கொஞ்சம் இறங்குவதை நான் கவனித்திருக்கிறேன். வேலை உயர்வுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போடுவது நல்லது.


கணக்குத்தம்பி, தைப்பிங்:

ஐயா வேதத்தில் சொல்லிவிட்டார், நான் வெள்ளி காசில் சொல்கிறேன். அக்கா, கார்டு வட்டி வருஷத்துக்கு 15, 17, 18 விழுக்காடு என்று மூன்று படியாக இருக்கும், தவறாமல் கட்டுகிறவர்களுக்குக் குறைவு. 18 என்றே வைப்போம். 6,000க்கு மாதம் 90 வெள்ளி வட்டிக்கே போகும். வங்கி கேட்கிற குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு, முதல் மாதம் 300. அதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பாக்கி குறையக் குறையக் கட்டுகிற தொகையும் குறையும், கடன் பல வருஷம் இழுக்கும். மாதா மாதம் ஒரே தொகையாகக் கட்டினால்தான் முடியும். 12 மாதத்தில் முடிக்க மாதம் சுமார் 550. 18 மாதம் என்றால் சுமார் 383. இரண்டுமே கார்டைப் புதிதாக ஒரு தடவைகூடத் தேய்க்காத கணக்கு.

550 முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். கோபுரத்துக்குச் செலவு பார்க்கச் சொன்னார், அதை டிசம்பர் 31க்குள் கட்டி முடி என்று சொல்லவில்லையே. இந்தத் தடவை பள்ளிக்கூடமும் மறுபடி ஜனவரியிலேயே திறக்கிறது, சப்பாத்து சட்டை செலவு எல்லாம் கிறிஸ்துமஸ் செலவோடு சேர்ந்து வரும். முதல் மாதமே இடறினால் மனசு விட்டுப்போகும்.

வேறு கடனும் இருந்து மூச்சு முட்டினால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. 2006இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றித் தருவார்கள். அவசரம் என்று ஆ லோங் (கந்துவட்டிக்காரர்) பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அப்புறம் வேதாகமம். மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிற ஆள் லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டு பிப்ரவரியில் விட்டுவிடுவார். புதிய ஏற்பாடு மட்டும் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடிந்துவிடும். சனி ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க. 2027இல் பழைய ஏற்பாட்டைத் தொடங்குங்களேன், யார் துரத்துகிறார்கள்?


பாகான்செராய் டீச்சர்:

நான் கத்தோலிக்கம், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, நவம்பர் 30 அன்றே புது வருஷம் தொடங்கிவிட்டது, ஆகவே நான் உங்களைவிட ஒரு மாதம் பழையவள்.

எனக்கு இதில் பிடிக்காதது அந்த ஒட்டின உறை. வருஷம் முழுக்க மூடி வைத்த தாளால் யாருக்கு என்ன பயன்? ஒரு நகல் எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை என்று ஒன்று எங்களிடம் உண்டு. இரவு படுக்கப் போகும்முன் பத்து நிமிஷம். அன்றைக்குக் கிடைத்ததற்கு நன்றி, பார்க்க வெளிச்சம் தாரும் என்று ஒரு வேண்டுதல், காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைப்பது, தவறினதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். நாளைக்கு மட்டும்தான், வருஷத்துக்கு அல்ல. உங்கள் வீட்டுக்காரருக்கும் இது ஒத்துவரும், நாளைய கவலை நாளைக்கே என்கிறவர்தானே.

ஜனவரியில் எடுத்த தீர்மானம் பிப்ரவரியில் சாய்ந்தால் எங்களுக்குத் தவக்காலம் வந்து தூக்கிவிடும். 2026இல் சீனப் பெருநாள் பிப்ரவரி 17, மறுநாளே தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். லட்டு, கொவே பலகாரம், ஆரஞ்சு எல்லாம் மேஜையில் இருக்கும்போது உபவாசம். ஆண்டவருக்கும் நகைச்சுவை உண்டு.


லாரிவீட்டம்மா:

ஐயா, தம்பி, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. ஜெபவீரன் சகோதரருக்கும்தான். சொந்த லாரி என்று படித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, விசுவாசத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் மறந்துவிட்டார்.

தாளைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் நிற்கிறது. 550 எங்களால் முடியாது, 383 முடியும், அதுவும் பசார் மாலாம் சாப்பாட்டைக் குறைத்தால்தான். ஆனால் தசமபாகத்தை (சபைக்குக் கொடுக்கும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஒரு வருஷம் நிறுத்தினால் 550ஐத் தாண்டியே கட்டலாம். கடன் முடிந்ததும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்னொரு அக்கா, கடன் வாங்கியாவது தசமபாகம் கொடு, நூறத்தனையாகத் திரும்ப வரும் என்கிறார். எது சரி?


ஓய்வுகிராணி:

கடன் வாங்கிக் கொடு என்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2 கொரிந்தியர் 8:12, ஒருவனுக்கு மனவிருப்பம் இருந்தால் "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" அங்கிகரிக்கப்படும். பவுல் காணிக்கை சேர்க்கிற நேரத்தில் எழுதிய வரி அது. காசு தேவைப்பட்ட மனுஷனே அப்படி எழுதினார் என்றால் பாருங்கள்.

மாற்கு 7இல் கொர்பான் சங்கதியும் இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கி வைத்தவர்களை இயேசு கடுமையாகக் கேட்டார். அம்மாவின் மருந்துக்கும் கிளினிக் போகிற பெட்ரோலுக்கும் தசமபாகத்தைக் காரணம் காட்டிக் குறைக்காதீர்கள்.

முழுசாக நிறுத்துவதற்கும் நான் கட்சி இல்லை. பிறகு சேர்த்துக் கொடுக்கலாம் என்று நிறுத்தியவர்கள் பிறகு சேர்த்துக் கொடுத்து நான் கண்டதில்லை, சபைக் கணக்கையும் சில வருஷம் நான்தான் எழுதினேன். அதைவிட, வீட்டுக்காரருக்குப் பிடிக்காததை அவர் சம்பளத்திலும் சேர்த்து நீங்கள் ஒருவராக முடிவு செய்தால் நாத்தனார் சண்டைக்குத் துணையாக இன்னொன்று வரும். நானாக இருந்தால் காணிக்கையைத் தொடுவதில்லை, 383ஐ எடுத்துக்கொண்டு 18 மாதம் நடப்பேன். மனசு ஆறாவிட்டால் இரண்டு பேருமாகப் போய்ப் போதகரிடம் பேசுங்கள், இங்கே எங்களிடம் அல்ல.


கணக்குத்தம்பி:

அந்தக் கணக்கில் போனால் அடுத்த டிசம்பரில் உறையைத் திறக்கும்போது சுமார் 2,180 பாக்கி இருக்கும் அக்கா. இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், அன்றைக்கு அழவேண்டாம். 2027 ஜூனில் முடியும்.

கூட்டாகச் செய்தால் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க்காரர், அந்தக் கால அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினபோது தோட்டத்து ஆட்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித்தான் தோட்டங்களை வாங்கினார்கள். தனித்தனியாக வீட்டில் உண்டியலில் போட்டிருந்தால் அது தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் போயிருக்கும். உங்கள் மாதக் கட்டு ரசீதைக் காட்ட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரைத் தவிர.


லாரிவீட்டம்மா:

தம்பி, 2,180ஐயும் தாளிலேயே எழுதிவிட்டேன்.

இப்போது தாளில் இருப்பது இது. கார்டைப் பர்சிலிருந்து எடுத்து அம்மா பெட்டியில் வைப்பேன், மாதம் 383 கட்டுவேன், ரசீதை டீச்சருக்கு அனுப்புவேன் (டீச்சர், சம்மதமா? கண்டிப்பான ஆளாகத் தெரிகிறீர்கள்). அம்மாவோடு கிளினிக். ஜனவரியிலேயே மேலாளரிடம் கேட்பேன், என்ன குறைந்தது என்று. புதிய ஏற்பாடு, வேலை நாளில் ஒரு அதிகாரம். வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்கிறார். மில்லில் லாரி வரிசை சில நாள் மணிக்கணக்கில் நிற்கும், போனில் ஆடியோ வேதாகமம் போட்டுக் கேட்கலாம் என்று அவரே சொன்னார். அதை இலக்கு என்று சொல்லாதே, சும்மா கேட்கிறேன் என்று சொல் என்றார். சரி, சும்மா கேட்கிறார்.

நாத்தனாருக்கு ஐயா சொன்ன இரண்டையுமே எழுதினேன். போய் அழைப்பதைவிடப் பழைய பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். தாளின் மேலே "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்று போட்டுவிட்டேன். மாமியார் படித்துவிட்டு, இது ஆர்டர் மாதிரி இல்லை, பரவாயில்லை என்றார்.

ஒரு கேள்வி மிச்சம். சம்பளம் 28ஆம் தேதி வரும். வங்கியில் தானாகக் கட்டும்படி வைக்க எந்தத் தேதி நல்லது?


பாகான்செராய் டீச்சர்:

சம்மதம். ரசீது வராவிட்டால் நானே கூப்பிடுவேன்.


கணக்குத்தம்பி:

29 வைக்காதீர்கள், பிப்ரவரியில் 28தான். 1ஆம் தேதி வையுங்கள் அக்கா. கார்டு பில்லில் கடைசித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் இருந்தால் போதும்.